கச்சானுக்கு முன் காய்த்துவிட வேண்டும்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம், பெற்றோல் வரிசையும் எரிவாயு வரிசையும் நாட்டை வளைத்துக் கிடந்த நாள்களில், அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டம் செய்யலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. முந்திய ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, வயல்கள் வெளிறிப்போன பிறகு நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்ட அதே அரசின் யோசனைதான் இதுவும். இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. திருகோணமலை நகரில், கோட்டை வாசலுக்கு நடந்துபோகும் தூரத்தில், பன்னிரண்டு பேர்ச் காணியில் ஒரு தென்னையும் ஒரு முருங்கையும் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலையும் தவிர வேறெதுவும் இல்லாத வளவு எங்களுடையது. சுற்றறிக்கை வந்த மறுகிழமையே மண்வெட்டி வாங்கி, நாற்றுகள் வாங்கி, அறுபது மிளகாய்க் கன்றுகளை வரிசை பிடித்து நட்டேன். ஜூலை முடிவில் நான்கு கன்றுகள் நின்றன. அந்த நான்கும் பூத்தன. பூக்கள் யாவும் காம்போடு உதிர்ந்தன.

தவறு மண்ணில் என்றுதான் முதலில் நினைத்தேன், ஏனெனில் எங்கள் வளவு மண் காலையில் குளிப்பாட்டினாலும் மாலையில் தூசியாகப் பறக்கும் கடற்கரை மணல். சந்தையில் வெங்காயம் விற்கும் நிலாவெளிப் பக்கத்து ஐயா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் மண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. எந்த மாதம் நட்டேன் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "தம்பி, கொழும்பில மழை பெய்யுற மாசத்தில இங்க கண்டு வைக்கக் கூடாது," என்றார், வெங்காயத்தைத் தராசில் போட்டபடியே.

நாடு முழுவதையும் ஜூனில் தோட்டம் செய்யச் சொன்னவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே வானம் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரமற்ற வெக்கைக் காற்றாக வந்து சேர்கிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். (நிலக்கடலைக்கும் எங்கள் ஊரில் கச்சான் என்றே பெயர் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் மயங்க வேண்டாம், இங்கே நான் சொல்வது காற்றை.) மே மாதக் கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை அது அடிக்கிறது. காயப்போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் முறுகும். கிணற்று நீர் இறங்கி உவர்க்கும். மிளகாய்ச் செடியோ, பகல் வெப்பம் முப்பத்திரண்டு முப்பத்தைந்து பாகைக்கு மேல் ஏறி இரவிலும் தணியாதபோது, பூவைத் தாங்கமாட்டாமல் உதிர்த்துவிடுகிறது. நம் மழையோ வாடைக்காற்றோடு ஒக்டோபரில் தொடங்கி, நவம்பரிலும் டிசம்பரிலும் கொட்டி, தையில் ஓய்வது. ஆகவே மிளகாய்க்கு இந்த வளவில் கிடைக்கும் காலம், அடைமழை ஓய்ந்த நாளுக்கும் கச்சான் எழும் நாளுக்கும் இடையிலான நான்கு, நான்கரை மாதம் மட்டுமே. கார்த்திகை நடுவில் நாற்றுமேடை, தைப்பொங்கல் கழிந்ததும் நடுகை, பங்குனியில் முதற் பச்சைமிளகாய், சித்திரைப் புதுவருடத்துக்கு முதற்பழம் என்று கணக்கை மாற்றிக்கொண்ட பிறகே என் தோட்டம் தோட்டமாயிற்று. பசளையையும் மருந்தையும் பற்றி எத்தனையோ பேர் எனக்குச் சொன்னார்கள். மாதத்தைப் பற்றிச் சொன்னவர் அந்த ஒருவர்தான்.

மழைக்காலத்தில் நாற்று வளர்ப்பதற்கு அதற்கேயுரிய தொல்லைகள் உண்டு. விதையை ஓர் இரவு ஊறவைத்து, சாம்பலில் பிரட்டி, முழங்கால் உயரத்தில் பலகை அடித்த மேடையில் தூவுகிறேன்; சாம்பல் இல்லாவிட்டால் எறும்பு விடியுமுன் விதையை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விடும். எட்டு முதல் பத்து நாளில் முளைக்கும். மேலே தெளிந்த பொலித்தீன் கூரை, நான்கு பக்கமும் திறந்தபடி. மூடிவிட்டால் காற்றோட்டம் இன்றி நாற்றின் அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து, ஒரே நாளில் கூட்டமாகச் சாய்ந்துவிடும். 2024 நவம்பர்க் கடைசியில், பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் எங்கள் கரையோரமாக நகர்ந்தபோது, கூரை பறந்து மேடை முழுவதும் ஊறிப்போய்விட்டது. அந்த ஆண்டு மறுபடி விதைத்ததால் நடுகை மாசிக்குத் தள்ளிப்போனது. பழம் பறிக்கும் நேரத்தில் கச்சான் வந்துவிட்டது. ஒரு மாதப் பிந்தலுக்குச் செடி அரைவாசி விளைச்சலைக் கழித்துக்கொண்டது.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பகை அன்று, ஓட்டைப் பாத்திரம், அவ்வளவுதான். ஒரே தடவையில் ஊற்றும் நீரும் போடும் எருவும் வேருக்குக் கீழே போய்விடும் என்பதால், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கிறது. குழியின் அடியில், பல நாள் நீரில் ஊறவைத்து உவர் கழுவிய தேங்காய்ப் பொச்சு மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, அதன்மேல் ஆறு மாதம் காய்ந்த மாட்டெருவும் மணலும் சேர்த்து நிரப்புகிறேன். நட்டபின் செடியைச் சுற்றி முருங்கைச் சருகும் காய்ந்த புல்லும் நான்கு விரற்கடை கனத்தில் மூடிக் கிடக்கும். கறிமிளகாயின் நுனியில் கறுத்துக் குழிவிழும் அழுகலை முதலில் நோய் என்று நினைத்திருந்தேன்; ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீர் ஊற்றியதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்துச் சீராகப் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். மூடாக்குப் போட்ட பிறகு அது நின்றுவிட்டது.

மிளகாய் நட்டவர் எல்லோரும் ஒருநாள் இலைச்சுருட்டலுக்கு வந்து சேர்வார்கள். நான் இரண்டாவது போகத்திலேயே வந்து சேர்ந்தேன். இலை சுருண்டிருக்கிறது என்று கடையில் போய்ச் சொன்னால், ஒரு போத்தலை எடுத்துத் தருவார்கள். எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதுவே கேட்க வேண்டிய கேள்வி. இலையின் இரு கரைகளும் மேல்நோக்கி எழும்பி, கரையில் நிற்கும் தோணியைப் போல் இருந்தால் அது பனிப்பூச்சி என்னும் இலைப்பேனின் வேலை. கரைகள் கீழ்நோக்கி மடிந்து, வெயிலில் கவிழ்த்துவைத்த தோணியைப் போல் இருந்தால், இலையின் காம்பும் நீண்டு, இலை ஒடுங்கிக் கருகரு என்றிருந்தால், அது சிற்றுண்ணி. இரண்டுமன்றி, நுனி இலைகள் சிறுத்து, நரம்பிடை மஞ்சளித்துக் கொப்பளித்ததுபோல் சுருங்கி, செடி மேற்கொண்டு வளராமல் குந்திவிட்டால், அது வெண் ஈ கொண்டுவந்த வைரசு.

பனிப்பூச்சியைக் கண்ணால் பார்க்க முடியாது என்பார்கள். பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு முன், ஒரு வெள்ளைத் தாளை மலர்ந்த பூவின் கீழே பிடித்து, விரலால் கொப்பை இரண்டு தட்டுத் தட்டுங்கள். முதலில் மகரந்தத் தூளும் ஓர் உலர்ந்த இதழும் மட்டுமே தெரியும். கண் பழகச் சில நொடிகள் ஆகும். பிறகு அந்தத் தூளில் சில துணுக்குகள், நகத்தால் வெட்டிய மயிர்த்துண்டு அளவில், வைக்கோல் நிறத்தில், தாளின் ஓரம் நோக்கி ஓடத் தொடங்கும். என் மகள் முதன்முறை அதைப் பார்த்தபோது தாளைக் கீழே போட்டுவிட்டாள். பூவுக்கு ஐந்து ஆறு என்று ஓடினால் நான் வேப்பெண்ணெய்க்குப் போவேன்: ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், கலங்குவதற்குக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசல், வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கத்தில். சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத் தூளே நன்றாகக் கேட்கிறது; அதையும் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். வைரசுக்கு மருந்தே இல்லை. பிடுங்கி எரிப்பதுதான், பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடியைப் பிடுங்குவதற்கு மனம் இடம் கொடுக்காது என்பதும், நாள் கடத்திய ஒவ்வொரு முறையும் பக்கத்துச் செடிகளை இழந்தேன் என்பதும் வேறு விடயம்.

அந்த வைரசு என் வளவுக்குள் நடந்து வரவில்லை. பணம் கொடுத்து நானே வாங்கி வந்தேன். நாற்று விற்கும் ஓரிடத்தில், கலப்பின நாற்று என்று சொல்லி ஒரு தட்டு முழுவதும் தந்தார்கள். தட்டைத் தூக்கியபோது வெள்ளைப் பொடி பறந்ததைக் கண்டேன். தூசி என்று நினைத்தேன். விதை மலிவு, நாற்று விலை கூடியது, ஆனால் நாற்றோடு என்னென்ன வருகிறது என்று யாரும் பற்றுச்சீட்டில் எழுதித் தருவதில்லை. அன்றிலிருந்து நாற்று வாங்குவதை விட்டுவிட்டேன். மகா இலுப்பள்ளம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம்.ஐ. 2 போன்ற பழைய இனங்கள் கலப்பினங்கள் அளவுக்குக் காய்ப்பதில்லை. ஆனால் அவற்றின் விதையை எடுத்து மறுபடி நடலாம். அடுத்த ஆண்டும் அதே செடி வரும்.

அதே செடி வரும் என்று எழுதியதும், கடந்த ஆண்டுச் சித்திரை விருந்து நினைவுக்கு வருகிறது. நான் சொந்தமாக விதை எடுத்து வளர்த்த கறிமிளகாயில் அம்மா தேங்காய்ப்பூவும் கருவாடும் அடைத்துப் பொரித்திருந்தார். கறிமிளகாய் உறைக்காது என்ற நம்பிக்கையில் மைத்துனர் ஒரு முழுக் காயை வாயில் போட்டார். கண்ணில் நீர் தாரையாக வழிய, தண்ணீர்ச் செம்பைத் தேடினார். முந்திய ஆண்டில் கறிமிளகாய் வரிசைக்கும் பச்சைமிளகாய் வரிசைக்கும் இடையே நான் விட்டிருந்த தூரம் இரண்டு முழம். இரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்பதால் தேனீ அவற்றை வேறாகப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டுக் காயில் எந்த மாற்றமும் தெரியாது, கலப்பு விதைக்குள் போய் ஒளிந்திருந்து அடுத்த தலைமுறையில் வெளிவரும். போதாததற்கு, உறைப்பு மேலோங்கும் இயல்பு; தாயோ தகப்பனோ ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வந்துவிடும். மைத்துனருக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை.

தண்ணீர் உதவாது என்பதை அம்மா அவருக்கு அப்போதே சொன்னார், ஒரு கரண்டி தயிரைக் கையில் கொடுத்து. உறைப்பைத் தரும் கப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும்; தேங்காய்ப்பால் விட்ட கறி அதே அளவு தூள் போட்ட தண்ணீர்க் கறியைவிட மெதுவாக உறைப்பதற்கும் அதுவே காரணம். மிளகாய் அரிந்த கை எரிந்தால் சவர்க்காரத்துக்கு முன் தேங்காயெண்ணெய் பூச வேண்டும் என்பதும் அதே கணக்கு. விதைதான் உறைக்கும் என்று பலரும் விதையைத் தட்டிக் கொட்டுகிறார்கள். காயை நெடுக்காகப் பிளந்து பார்த்தால், விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய நடுச்சதை ஒன்று தெரியும். உறைப்புச் சுரப்பது அதில். விதை அதன்மேல் உரசிக்கொண்டு கிடப்பதால் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. உறைப்பு ஒரு சுவையும் அன்று. நாற்பத்து மூன்று பாகை அளவில் சூட்டை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் கப்சைசினும் திறக்கிறது என்பதை 1997 இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். 2021 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. வாய் எரிகிறது என்று நாம் சொல்வது உவமை அன்று. நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தியே அதுதான்.

பறவைகளுக்கு அந்த வாயில் கப்சைசினுக்குத் திறப்பதில்லை. என் வளவில் நான் நடாத கொச்சிமிளகாய்ச் செடிகள் மூன்று, கொண்டைக்குருவிகள் இரவு தங்கும் வேலிக் கிளுவையின் கீழே, எச்சத்தோடு விழுந்து முளைத்தவை. வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் அந்தச் சிறு காய்கள், நான் பாத்தி கட்டி வளர்க்கும் எதையும்விட நோயின்றி, கச்சானிலும் இலை வாடாமல் நிற்கின்றன. ஆண்டு முழுவதும் சம்பலுக்கு இரண்டு காய் கிடைக்கிறது. அவற்றுக்கு நான் செய்யும் பணிவிடை எதுவும் இல்லை. பறிக்க வருவதோடு சரி.

மான்கள் வேறு கதை. வெளியூரவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: பிரெட்ரிக் கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் நகரத்துத் தெருக்களிலும் பஸ் நிலையத்தடியிலும் மாடுகளைப் போல் உலவுகின்றன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். நாங்கள் படலையை இரட்டைக் கொளுக்கி போட்டுப் பூட்டுவோம். ஒரு மார்கழி இரவில் வேலி சரிந்த இடத்தால் உள்ளே வந்து, பசளிக் கொடியையும் பயற்றங்கொடியையும் நிலத்தோடு மொட்டையாக்கி, பொன்னாங்காணியை மிதித்துவிட்டுப் போயின. மிளகாய் இலையில் நாலைந்தை மட்டும் சுவை பார்த்திருந்தன, காயைத் தொடவில்லை. இப்போது கீரைகளை வளவின் நடுவே வைத்து, சுற்றிலும் வெளி வரிசையாக மிளகாய் நடுகிறேன். வேலைசெய்கிறதா என்று கேட்டால், பாதி. முருங்கையை ஆளுயரத்துக்கு மேல் கொப்பு விடும்படி வெட்டிவிட்டேன்.

மிளகு நட்டுப் பார்க்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். மிளகுக் கொடிக்கு ஈரமும் நிழலும் ஆண்டு முழுவதும் வேண்டும்; மாத்தளை, கண்டிப் பக்கத்தில் அது பலாவிலும் ஏறும். கச்சான் அடிக்கும் மணலில் அதைக் கொண்டுவந்து வதைப்பது பாவம். ஆனால் நம் நாக்கின் பழைய உறைப்பு அதுதான். சங்ககாலத்தில் கறி என்ற சொல்லே மிளகைக் குறித்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாயைப் போர்த்துக்கேயர் கீழைநாடுகளுக்குக் கொண்டுவந்த பிறகு, மிளகைப் போல் உறைக்கும் காய் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். கோணேசர் கோயிலை இடித்து, இன்று மான்கள் மேயும் அந்தக் கோட்டையைக் கட்டியவர்களும் போர்த்துக்கேயர்தான். ஒரு கையால் எடுத்ததையும் மறு கையால் தந்ததையும் எங்கள் ஊரார் சமையலறையில் வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை.

பழம் சிவந்த பிறகு, செடிகளுக்குப் பகையான அதே காற்று எனக்கு வேலைக்காரனாகிவிடுகிறது. காம்போடு பறித்த பழத்தை இரண்டு நாள் நிழலில் குவித்து வைத்தால், அரைகுறையாகச் சிவந்தவையும் நிறம் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓலைப்பாயில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, பின்னேரத்தில் பாயோடு உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவுப் பனி பட்டால், காய்ந்த மிளகாயாகிய செத்தலில் வெள்ளைத் திட்டு விழும். தைமாத வெயிலில் பன்னிரண்டு நாள் எடுப்பது கச்சானில் ஆறு நாளில் முடிகிறது. ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டினால் விதை கிலுகிலுக்கும், அதுவே பதம். நான்கு கிலோ பழம் காய்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல் செத்தல் ஆகிறது. 1970 களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் செத்தலையும் வெங்காயத்தையும் விற்றே கல்வீடு கட்டினார்கள் என்று அம்மா சொல்வார். 1977 க்குப் பிறகு இறக்குமதி திறக்கப்பட்டு, இன்று நாடு உண்ணும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. என் மூன்று கிலோவால் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை. எங்கள் வீட்டுத் தூள் மட்டும் மாறியிருக்கிறது.

அந்தத் தூளுக்கு அம்மாவின் முறை இது. அரைக் கிலோ செத்தலுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக மல்லி. பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு ஒவ்வொன்றும் நூறு கிராம். வெந்தயமும் மஞ்சளும் ஒரு கைப்பிடிக்குள். எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும், ஏனெனில் மல்லி பொன்னிறமாகும் நேரத்தில் வெந்தயம் கரியாகிவிடும். செத்தல் கடைசியில், கறிவேப்பிலையோடு, அடுப்பைத் தணித்து. முன்பு உரலில் இடித்தார். இப்போது மில்லுக்குக் கொடுத்து, முந்தியவரின் தூள் கலந்துவிடாமல் இருக்க அங்கேயே நின்று வாங்கி வருகிறோம்.

கச்சான் தொடங்கும்போது செடியில் எஞ்சி நிற்கும் தடித்த பச்சைக்காய்கள் மோர்மிளகாய்க்குப் போகின்றன. கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் எருமைத் தயிர் முட்டி ஒன்று வாங்கி, உப்பிட்டுக் கடைந்து, நுனி கீறிய காய்களை இரவு முழுவதும் அதில் அமிழ்த்தி, பகலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே தயிரில் போட வேண்டும். தயிர் முழுவதும் காய்க்குள் போகும்வரை, நான்கு ஐந்து நாள். பழஞ்சோற்றுக்கு அதைப் பொரித்து வைத்தால் வேறு கறி தேவையில்லை.

இந்த ஆண்டு விதைக்கென்று மூன்று செடிகளைத் தெரிந்தெடுத்தேன். இலை சுருளாதவை, கொப்புக்குக் கொப்பு காய்த்தவை, மாசியிலேயே முதலில் பூத்தவை. தேனீ புகாதபடி பூவுக்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, எந்தக் காய் என்று மறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் காம்பிலும் சிவப்பு நூல் சுற்றினேன். ஏழு காய்கள். செடியிலேயே நன்றாகப் பழுத்துச் சுருங்கட்டும் என்று விட்டிருந்தேன். நேற்றுக் காலை போய்ப் பார்த்தபோது ஐந்துதான் இருந்தன. குருவியோ மானோ என்று வேலியைச் சுற்றி வந்துவிட்டு, பிட்டுக்கு உட்கார்ந்தால், சம்பல் நல்ல சிவப்பாக இருந்தது. அம்மியின் ஓரத்தில் சிவப்பு நூல் இரண்டு துண்டு கிடந்தது.